உத்திரமேரூர் வட்டாரக் குன்றுகள்

உத்திரமேரூர் வட்டாரக் குன்றுகள் என்று இக்கட்டுரையில் குறிக்கப்படுபவை, தமிழ்நாட்டின் காஞ்சிபுரம் மாவட்டத்தில் உத்திரமேரூர் வட்டத்திலும் அதன் சுற்றுப்புறங்களிலும் சமவெளியிலிருந்து தனித்தனியாகவும் சிறு தொடர்களாகவும் எழும் பாறைக் குன்றுகள் ஆகும். இவற்றுக்கு ஒட்டுமொத்தமான பெயர் மக்கள் வழக்கில் இல்லை. ஒவ்வொரு குன்றும் அதன் அடியில் உள்ள ஊரின் பெயராலேயே அழைக்கப்படுகிறது. உயரத்தில் சிறியவையாயினும் இவை மிகப் பழமையான பாறையால் ஆனவை. இவ்வட்டாரத்தின் மண், நிலத்தடி நீர், ஏரிகள், கோயில்கள், கல்வெட்டுகள் ஆகிய அனைத்தும் ஏதேனும் ஒரு வகையில் இப்பாறையோடு தொடர்புடையவை. அண்மைப் பதிற்றாண்டுகளில் கட்டுமானத் தேவைக்காகக் கல் எடுக்கப்படுவதால் இக்குன்றுகளில் சில உருமாறி வருகின்றன.

அமைவிடம்

உத்திரமேரூர் வட்டத்தின் வடக்கில் பாலாறும், வடமேற்கில் அதன் துணையாறாகிய செய்யாறும் ஓடுகின்றன. மேற்கில் திருவண்ணாமலை மாவட்டத்தின் செய்யாறு, வந்தவாசி பகுதிகளும், கிழக்கிலும் தெற்கிலும் செங்கல்பட்டு மாவட்டமும் உள்ளன. செங்கல்பட்டு மாவட்டம் 2019 நவம்பர் 29 அன்று காஞ்சிபுரம் மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது. ஆகவே அதற்கு முந்தைய நூல்களிலும் அறிக்கைகளிலும் இவ்விரு மாவட்டங்களின் குன்றுகளும் ஒரே மாவட்டத்தின் கீழ்க் காணப்படும்.

சாலவாக்கம், எடமச்சி, பழவேரி, அருங்குன்றம், சிறுதாமூர், மதூர், திருமுக்கூடல் ஆகிய ஊர்களை அண்டிய பகுதிகளில் பாறை நிலம் மிகுதி. பாலாற்றின் வடகரையில் பழைய சீவரம் நரசிம்மர் கோயில் அமைந்துள்ள குன்று, கிழக்கே திருக்கழுக்குன்றம், வடகிழக்கே வண்டலூர், பல்லாவரம், பரங்கிமலை வரையிலான குன்றுகள் ஆகியவையும் நிலவியல் அடிப்படையில் இதே குடும்பத்தைச் சேர்ந்தவையே.

நிலத்தோற்றம்

இவ்வட்டாரத்தின் சமவெளி கடல் மட்டத்திலிருந்து 100 மீட்டருக்கும் குறைவான உயரத்தில் உள்ளது. அது மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி மிக மெதுவாகச் சரிகிறது. இச்சமவெளியில் கடலின் நடுவே தீவு நிற்பது போல் குன்றுகள் நிற்கின்றன. இத்தகைய குன்றுகளை நிலவியலாளர் எச்சக்குன்றுகள் என்பர். சுற்றியிருந்த பாறை நெடுங்காலம் சிதைந்து அரிக்கப்பட்டுப் போன பின்னர், எஞ்சி நிற்கும் வலிமை மிக்க பகுதியே எச்சக்குன்று ஆகும். எனவே இக்குன்றுகள் தரையிலிருந்து மேலே உயர்ந்தவை என்பதைவிட, அவற்றைச் சுற்றியிருந்த தரை தாழ்ந்துவிட்டது என்பதே பொருத்தமாகும்.

ஒரு குன்றின் வெட்டுமுகத்தை மேலிருந்து கீழாகப் பின்வருமாறு பிரித்துக் காணலாம்.

உச்சி: மண் ஏதுமில்லாத வெற்றுப் பாறை. இதில் மழைநீர் தேங்கும் சிறு குழிகளும் சுனைகளும் காணப்படும்.
சரிவு: உருண்ட பெரும்பாறைகள் ஒன்றன்மேல் ஒன்று கிடக்கும் பகுதி. இடுக்குகளில் மண் தங்கிப் புதர்கள் வளர்கின்றன.
அடிவாரம்: சரளை கலந்த செம்மண் பரவிய மென்சரிவு. மேய்ச்சல் நிலமாகவும் மானாவாரிப் பயிர் நிலமாகவும் பயன்படுவது.
தாழ்நிலம்: களிமண்ணும் வண்டலும் படிந்த பகுதி. ஏரிகளும் நெல் வயல்களும் இங்கு அமைகின்றன.

பாறை வகைகள்

சார்னோக்கைட்

இப்பகுதியின் முதன்மையான பாறை சார்னோக்கைட் ஆகும். பொதுமக்களும் கல் தச்சர்களும் இதனைக் கருங்கல் என்றே வழங்குவர். புதிதாக உடைத்த முகத்தில் இது பச்சையோ நீலமோ கலந்த கருஞ்சாம்பல் நிறத்தில், எண்ணெய் பூசியது போன்ற மங்கிய மினுமினுப்புடன் காணப்படும். குவார்ட்ஸ், பெல்ட்ஸ்பார் ஆகிய கனிமங்களோடு ஹைப்பர்ஸ்தீன் எனப்படும் பைராக்சீன் வகைக் கனிமம் இதில் இருப்பது சிறப்பியல்பாகும். சில இடங்களில் செந்நிறக் கார்னெட் மணிகளும் காணப்படும்.

இப்பாறையின் பெயருக்கு ஒரு கல்லறை காரணமாயிற்று. கிழக்கிந்தியக் கம்பெனியின் முகவராக இருந்து 1690களில் இறந்த ஜோப் சார்னாக்கின் கல்லறை, கொல்கத்தாவின் புனித யோவான் தேவாலய வளாகத்தில் உள்ளது. அதன் மேற்கல் வங்காளத்து வண்டல் நிலத்தில் கிடைக்கும் கல் அன்று. இந்திய நிலவியல் அளவைத் துறையைச் சேர்ந்த தாமஸ் ஹென்றி ஹாலந்து அக்கல்லை ஆராய்ந்து, அது சென்னையை அடுத்த பல்லாவரம், பரங்கிமலைக் குன்றுகளின் பாறையை ஒத்திருப்பதைக் கண்டார். 1893இல் அவர் இப்பாறைக்குச் சார்னோக்கைட் எனப் பெயரிட்டார். 1900இல் இப்பாறை வரிசையைப் பற்றிய விரிவான ஆய்வேட்டையும் வெளியிட்டார். பின்னர் ஆப்பிரிக்கா, அண்டார்க்டிக்கா, நார்வே, இலங்கை எனப் பல நாடுகளிலும் இத்தகைய பாறை கண்டறியப்பட்டு அதே பெயரால் வழங்கப்படுகிறது. பரங்கிமலையில் உள்ள சார்னோக்கைட் பாறை, இந்திய நிலவியல் அளவைத் துறையால் தேசிய நிலவியல் நினைவுச் சின்னமாக அறிவிக்கப்பட்டுள்ளது.

ஏனைய பாறைகள்

சார்னோக்கைட்டுடன் நீஸ் வகைப் பாறைகளும் கலந்து காணப்படுகின்றன. இவற்றில் வெளிர் நிறக் கனிமங்களும் கருநிறக் கனிமங்களும் மாறி மாறிப் பட்டைகளாக அமைந்திருக்கும். பாறைகளின் வெடிப்புகளில் பிற்காலத்தில் உருகிய குழம்பு புகுந்து இறுகியதால் உண்டான டோலரைட் பாறைச்சுவர்களும் வடதமிழகத்தின் பல இடங்களில் உள்ளன. ஆற்றோரங்களில் இளமையான வண்டலும் மணலும் இவற்றை மூடியுள்ளன.

வடக்கே திருப்பெரும்புதூர் பகுதியில் காணப்படுவது முற்றிலும் வேறான பாறையாகும். அங்குள்ள களிப்பாறை, மணற்பாறை அடுக்குகள் நீரில் படிந்து உருவானவை. அவற்றில் தாவரப் புதைபடிவங்கள் கிடைக்கின்றன. பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட அவ்வடுக்குகள் மனிதக் கணக்கில் மிகப் பழமையானவை. எனினும் சார்னோக்கைட்டின் அருகில் அவை மிக இளமையானவையே.

தோற்றமும் வயதும்

சென்னை, காஞ்சிபுரம் பகுதிகளின் சார்னோக்கைட் பாறைகள் ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்டவை. ஆர்க்கியன் பேரூழியின் இறுதிக் காலத்தைச் சேர்ந்த இவை, தென்னிந்திய கிரானுலைட் நிலப்பகுதி எனப்படும் பெரும் பாறைப் பரப்பின் ஒரு பகுதியாகும்.

இப்பாறைகள் இன்று காணும் இடத்தில் உருவானவை அல்ல. புவியோட்டின் உள்ளே சுமார் 20 முதல் 30 கிலோமீட்டர் ஆழத்தில், 700 பாகை செல்சியசுக்கும் மேற்பட்ட வெப்பத்திலும் கடும் அழுத்தத்திலும் இவற்றின் கனிமங்கள் மாற்றமடைந்தன. அச்சூழலில் நீர் மிகக் குறைவாக இருந்தது. நீர் மிகுந்திருந்தால் பயோடைட், ஹார்ன்பிளெண்ட் போன்ற நீர்கொண்ட கனிமங்களே நிலைத்திருக்கும். நீர் குறைந்த வெப்பச் சூழலிலேயே ஹைப்பர்ஸ்தீன் உருவாகிறது. ஆகவே ஒரு பாறையில் ஹைப்பர்ஸ்தீன் காணப்படுவது, அப்பாறை ஒரு காலத்தில் புவியோட்டின் ஆழத்தில் இருந்ததற்குச் சான்றாகக் கொள்ளப்படுகிறது.

அவ்வளவு ஆழத்தில் இருந்த பாறை இன்று காலடியில் தென்படுவதற்கு, அதன் மேலிருந்த பல கிலோமீட்டர் கனமுள்ள பாறை முழுதும் அரித்துச் செல்லப்பட்டிருக்க வேண்டும். நீலகிரி, சேர்வராயன் மலை, கொல்லிமலை ஆகியவற்றிலும் சார்னோக்கைட் மிகுதியாக உள்ளது. நீலகிரியின் தொட்டபெட்டா 2,637 மீட்டர் உயரமுடையது. உத்திரமேரூர்க் குன்றுகளோ சமவெளியில் சிறு மேடுகளாகவே நிற்கின்றன. பாறை வகையில் ஒற்றுமை இருந்தும் தோற்றத்தில் இவ்வளவு வேறுபாடு ஏற்படுவதற்கு, நிலம் உயர்த்தப்பட்ட அளவும் அரிப்பின் வரலாறும் வேறுபட்டமையே காரணமாகும்.

இலங்கையின் மத்திய மலைநாட்டிலும் சார்னோக்கைட் பரவலாகக் காணப்படுகிறது. ஆயினும் அங்குள்ள பாறைகளின் பெரும் உருமாற்றம் ஏறத்தாழ 55 முதல் 60 கோடி ஆண்டுகளுக்கு முன்னரே நிகழ்ந்தது. பாறையின் பெயர் ஒன்றாயிருப்பதால் வயதும் ஒன்றாயிருக்கும் என்று கொள்ளலாகாது.

பாறைச் சிதைவும் மண்ணும்

கடினமான பாறையும் காலப்போக்கில் சிதைகிறது. மேற்சுமை நீங்கியதால் பாறை விரிவடைந்து, மேற்பரப்புக்கு இணையான வெடிப்புகள் தோன்றுகின்றன. வெயிலும் மழையும் மாறி மாறித் தாக்குவதால் வெங்காயத் தோல் உரிவது போலப் பாறை ஏடு ஏடாகக் கழல்கிறது. வெடிப்புகள் ஒன்றையொன்று வெட்டும் இடங்களில் நீர் இறங்கி மூலைகளை முதலில் கரைப்பதால், சதுரமான பாறைத்துண்டு நாளடைவில் உருண்டையாகிறது. சரிவுகளில் காணப்படும் உருண்டைப் பாறைகள் இவ்வாறு உண்டானவை. ஆற்றில் உருண்டு வந்தவை அல்ல.

இச்சிதைவில் பெல்ட்ஸ்பார் களிமண்ணாக மாறுகிறது. இரும்பு கலந்த கனிமங்கள் ஆக்சிசனுடன் சேர்ந்து மண்ணுக்குச் செந்நிறம் தருகின்றன. எளிதில் கரையாத குவார்ட்ஸ் மணலாக எஞ்சுகிறது. இதனால் அடிவாரத்தில் செம்மண்ணும், தாழ்வான ஏரிப் படுகையில் களியும், ஓடைகளில் மணலும் தங்குகின்றன. பாலாற்றின் மணலும் இவ்வாறே மேற்கிலுள்ள மலைகளின் பாறைகளிலிருந்து பிரிந்து வந்ததாகும்.

மண் போர்வையற்ற இத்தகைய பாறைக்குன்றுகள் மிக மெதுவாகவே தேய்கின்றன. உலகின் பல பகுதிகளில் அளவிடப்பட்ட தேய்வு, பத்து இலட்சம் ஆண்டுகளுக்கு ஒரு சில மீட்டர் என்ற அளவிலேயே அமைந்துள்ளது.

நீர்வளமும் ஏரிகளும்

இவ்வட்டாரத்தின் ஆண்டு மழை சராசரியாக ஏறத்தாழ 1,200 மில்லிமீட்டர் ஆகும். இதில் பாதிக்கு மேற்பட்டது அக்டோபர் முதல் டிசம்பர் வரையான வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், பெரும்பாலும் ஒரு சில கனமழை நாட்களில், பெய்து விடுகிறது.

சார்னோக்கைட் பாறையின் கனிமமணிகளுக்கு இடையே நீர் தங்குவதற்கு இடமில்லை. மேலுள்ள சிதைந்த படலத்திலும் அதன் கீழுள்ள வெடிப்புகளிலும் மட்டுமே நிலத்தடி நீர் தங்குகிறது. எனவே ஓரிடத்தில் நீர் சுரக்கும் கிணறும் அதற்குச் சற்றுத் தொலைவில் வறண்ட கிணறும் இருப்பது இப்பகுதியில் வியப்பன்று. பாலாறு, செய்யாறு ஆகியவற்றின் மணற்படுகை மட்டும் பெருமளவு நீரைத் தேக்கி வைக்கக் கூடியது. ஆற்றில் நீரோட்டம் இல்லாத காலங்களிலும் மணலடி நீரை ஊற்றுக் கால்வாய்கள் வழியே வயல்களுக்குக் கொண்டுவந்தது இங்குள்ள பழைய பாசன முறையாகும்.

பாறை நீரைத் தன்னுள் தேக்காததால் அதனை நிலத்தின் மேலேயே தேக்க வேண்டியதாயிற்று. இவ்வட்டாரத்தில் ஏரிகள் நெருக்கமாக அமைந்திருப்பதன் அடிப்படை இதுவே. குன்றிலிருந்து விரைந்து இறங்கும் நீரைத் தாழ்நிலத்தில் கரையிட்டு மறித்தனர். ஒரு மேட்டையும் மற்றொரு மேட்டையும் இணைத்துக் கரை அமைத்தால் அதன் நீளம் குறையும். மிகுநீர் வழியும் கலங்கலைப் பாறை மீது அமைத்தால் அரிப்புக் குறையும். ஓர் ஏரியின் மிகுநீர் அடுத்த ஏரிக்குச் செல்லுமாறு சங்கிலித் தொடராகவும் ஏரிகள் அமைந்தன. காஞ்சிபுரம் – வந்தவாசி சாலையில் மாமண்டூரில் பல்லவர் குடைவரைகள் உள்ள குன்றும், சித்திரமேகத் தடாகம் எனப்பட்ட பேரேரியும் அருகருகே இருப்பது குன்றுக்கும் ஏரிக்கும் உள்ள தொடர்பைக் காட்டும் நல்ல எடுத்துக்காட்டாகும்.

மனித வரலாற்றில் குன்றுகள்

இக்குன்றுக் குடும்பத்தின் வடகோடியிலுள்ள பல்லாவரத்தில், 1863 மே 30 அன்று நிலவியலாளர் இராபர்ட் புரூஸ் ஃபூட் பழைய கற்காலக் கருவியொன்றைச் சரளை மண்ணில் கண்டெடுத்தார். இந்தியத் தொல்பழங்கால ஆய்வின் தொடக்கமாக இந்நிகழ்வு கருதப்படுகிறது. மதுராந்தகத்தை அடுத்த சானூரில் 1950களின் தொடக்கத்தில் நடந்த அகழாய்வு, பெருங்கற்காலத்தவர் கற்களை வட்டமாக அடுக்கி ஈமச்சின்னங்கள் அமைத்ததை வெளிப்படுத்தியது. அதற்குரிய பெருங்கற்கள் பாறை நிலத்திலேயே எளிதில் கிடைத்தன.

உத்திரமேரூர் பல்லவர் காலத்தில் பிரமதேயமாக இருந்த ஊர். இவ்வூரின் பேரேரி, பல்லவ மன்னன் தந்திவர்மனின் பட்டப்பெயரால் வயிரமேகத் தடாகம் எனப்பட்டது. முதலாம் பராந்தக சோழன் காலத்தில் 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள், குடவோலை முறையில் உறுப்பினரைத் தேர்ந்தெடுத்ததை விவரிக்கின்றன. ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. தேர்ந்தெடுக்கப்பட்ட வாரியங்களில் ஏரி வாரியமும் ஒன்று. அதன் உறுப்பினர் 6 பேர். ஏரியைப் பேணுவதற்கெனத் தனியாக ஓர் அவை வேண்டியிருந்தது என்பதே, இப்பாறை நிலத்தில் ஏரிக்கு இருந்த இன்றியமையாமையை உணர்த்தும். எழுத்து 1,100 ஆண்டுகள் கடந்தும் படிக்கத்தக்கதாக இருப்பதற்கு, அது பொறிக்கப்பட்ட கல்லின் உறுதியும் ஒரு காரணமாகும்.

பாலாறு, செய்யாறு, வேகவதி ஆகியவை கூடும் திருமுக்கூடலில் உள்ள வீரராசேந்திர சோழனின் 11ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு, 15 படுக்கைகள் கொண்ட ஆதுலசாலை ஒன்றைப் பற்றிக் கூறுகிறது.

அருங்குன்றம், நெற்குன்றம், திருக்கழுக்குன்றம் போன்ற ஊர்ப்பெயர்கள் குன்றையும், ஏரி, தாங்கல் என்று முடியும் பெயர்கள் நீர்நிலையையும் குறிப்பவை. மக்கள் தம் நிலத்தை எவ்வாறு அடையாளம் கண்டனர் என்பதற்கு இப்பெயர்களும் சான்றாகும்.

தாவரங்களும் விலங்குகளும்

குன்றுகளில் வறண்ட நிலப் புதர்க்காடுகளே மிகுதி. ஆவாரை, காரை, சூரை, களா, உசில், வேம்பு ஆகியவை காணப்படுகின்றன. சீமைக்கருவேல் பல இடங்களில் பரவியுள்ளது. பாறை இடுக்குகள் ஆந்தைகள், உடும்பு, கீரி, பாம்புகள் ஆகியவற்றுக்கு உறைவிடமாகின்றன.

தாழ்நிலத்து ஏரிகள் நீர்ப்பறவைகளுக்குப் புகலிடமாக உள்ளன. அருகிலுள்ள வேடந்தாங்கல், கரிக்கிலி ஆகிய பறவைகள் சரணாலயங்கள் இரண்டும் பாசன ஏரிகளே. இவை 2022இல் ராம்சர் ஈரநிலங்களாக அறிவிக்கப்பட்டன.

கல் எடுப்பும் அதன் விளைவுகளும்

சார்னோக்கைட் உறுதியானது. அதிக எடையைத் தாங்கும். எளிதில் தேயாது. இப்பண்புகளே குன்றுகளை நெடுங்காலம் காத்தன. இன்று அவை வெட்டப்படுவதற்கும் இப்பண்புகளே காரணமாகின்றன. சாலை, தொடர்வண்டிப் பாதை, கட்டடம் ஆகியவற்றுக்கான ஜல்லி இப்பாறையிலிருந்து கிடைக்கிறது. வளர்ந்து வரும் சென்னைப் பெருநகரம் அருகிலிருப்பதால் தேவை மிகுந்தது. எடமச்சி, பழவேரி, அருங்குன்றம், சிறுதாமூர், மதூர், திருமுக்கூடல் முதலிய ஊர்ப்புறங்களில் கல்குவாரிகளும் கிரஷர்களும் ஏற்பட்டன.

ஆற்று மணலுக்குத் தட்டுப்பாடும் கட்டுப்பாடும் ஏற்பட்ட பின்னர், பாறையை நொறுக்கிச் செய்யப்படும் எம்-சாண்ட் அதன் இடத்தைப் பிடித்தது. தமிழ்நாடு அரசு 2023இல் எம்-சாண்ட் குறித்த கொள்கையொன்றை வெளியிட்டது. ஆற்றின் மீதிருந்த சுமை இதனால் ஓரளவு குன்றின் மீது மாறியுள்ளது எனலாம். இயற்கை இலட்சக்கணக்கான ஆண்டுகளில் பாறையை மணலாக்கும் செயலை இயந்திரம் சில நிமிடங்களில் செய்கிறது.

குவாரிகளில் பாறை படிப்படியாக வெட்டப்படுகிறது. ஒரு படியின் உயரம் பொதுவாக 5 மீட்டர் அளவில் அமையும். இயற்கைத் தேய்வு வீதத்தோடு ஒப்பிட்டால், ஒரு படி என்பது பத்து இலட்சம் ஆண்டுகளோ அதற்கு மேலோ ஆகும் தேய்மானத்துக்குச் சமமாகும். வெட்டிய மரம் துளிர்க்கலாம், தூர்ந்த ஏரியைத் தூர்வாரலாம். வெட்டிய குன்றை மீட்பதற்கு வழியில்லை.

கல் எடுப்பின் விளைவுகளாகப் பின்வருவன குறிக்கத்தக்கவை.

நீர்வரத்து: குன்றிலிருந்து ஏரிக்குச் செல்லும் ஓடைகள் மண் குவியல்களாலும் சாலைகளாலும் தடைபடக்கூடும். ஏரியின் கரை நன்றாயிருந்தும் நீர்வரத்துக் குறையும்.
நிலத்தடி நீர்: தரைமட்டத்துக்குக் கீழே தோண்டப்படும் குழிக்குள் சுற்றியுள்ள வெடிப்புகளின் நீர் கசிகிறது. அந்நீரை இறைக்கும்போது அருகிலுள்ள கிணறுகளின் நீர்மட்டம் தாழக்கூடும்.
தூசும் அதிர்வும்: பாறைத் தூசு பயிரிலைகள் மீது படிகிறது. குவார்ட்ஸ் கலந்த நுண்தூசை நெடுநாள் சுவாசிப்பதால் தொழிலாளர்க்குச் சிலிக்கோசிஸ் என்னும் நுரையீரல் நோய் ஏற்படலாம்.
விபத்து: வெடிப்புகளின் சாய்வை அறியாமல் செங்குத்தாக வெட்டப்படும் பாறைமுகம் சரிந்து விழும். 2021 பிப்ரவரியில் மதூரில் இருந்த கல்குவாரியொன்றில் பாறைச் சரிவால் உயிரிழப்பு நேர்ந்தது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. குவாரித் தொழில் பலருக்கு வேலை தருகிறது. வீடு கட்டும் எவருக்கும் ஜல்லி தேவைப்படுகிறது. ஆகவே கல் எடுப்பதே கூடாது என்பதைவிட, எந்தக் குன்றில், எவ்வளவு ஆழம், எந்த ஓடையைக் காத்து எடுப்பது என்பதே முடிவு செய்யப்பட வேண்டியதாகும்.

சட்டப் பாதுகாப்பு

தமிழ்நாட்டில் கல் எடுப்பு, 1959ஆம் ஆண்டின் தமிழ்நாடு சிறுகனிமச் சலுகை விதிகளால் ஒழுங்குபடுத்தப்படுகிறது. 2012 பிப்ரவரி 27 அன்று தீபக் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம், ஐந்து எக்டேருக்கும் குறைந்த சிறுகனிமக் குத்தகைகளுக்கும் சுற்றுச்சூழல் அனுமதி தேவை என ஆணையிட்டது. அதற்கு முன்னர் சிறு குவாரிகள் பெரும்பாலும் இவ்வாய்வுக்கு வெளியே இருந்தன. எனினும் ஒவ்வொரு குவாரியையும் தனித்தனியே மதிப்பிடுவதால் மட்டும், ஒரே குன்றைச் சுற்றியுள்ள பல குவாரிகளின் கூட்டு விளைவு தெரியவராது.

கைவிடப்பட்ட குவாரிகளின் நிலையும் கவனத்துக்குரியது. ஆழமான நீர்க்குழிகள் வேலியின்றி விடப்பட்டால் உயிருக்கு ஆபத்தாகின்றன. மாறாக, சென்னையின் தெற்கிலுள்ள நன்மங்கலம் காப்புக்காட்டில் பழைய குவாரியின் பாறைமுகங்கள் கொம்பன் ஆந்தையின் வாழிடமாகியுள்ளன. முறையாகப் பேணினால் வெட்டப்பட்ட குன்றும் பயன்தரும் என்பதற்கு இது சான்று.

மாணவர் கவனிக்கத்தக்கவை

இவ்வட்டாரத்துக்குச் செல்லும் மாணவர், இயங்கும் குவாரிகளுக்குள் நுழையாமலேயே பின்வருவனவற்றைக் காணலாம்.

பழுப்பேறிய பாறையின் புறத்தோலும், உடைந்த துண்டின் கரும்பச்சை உட்புறமும்.
ஏடு ஏடாக உரியும் பாறைப் பரப்பும் உருண்டைப் பாறைகளும்.
குன்றிலிருந்து ஏரி வரை நடக்கும்போது சரளை, செம்மண், களி என மாறும் மண்.
கோயில் சுவர்க் கற்களில் தெரியும் கனிமமணிகளும் பட்டைகளும்.
ஏரியின் கலங்கல், மதகு ஆகியவை அமைந்துள்ள இடமும் அதன் காரணமும்.

இவற்றையும் பார்க்கவும்

சார்னோக்கைட்
பாலாறு
செய்யாறு
உத்திரமேரூர் கல்வெட்டுகள்
வேடந்தாங்கல் பறவைகள் சரணாலயம்
பரங்கிமலை